பக்கத்துல தானே போறேன்!



இது கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் பைக்கோ ஸ்கூட்டரோ வைத்திருக்கும் எல்லோரும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

எனக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை. ஆனால் பள்ளியிலும் கல்லூரியிலும் பணியிடத்திலும் என்னோடு பழகியவர்களில் நான்கு பேரை இருசக்கர வாகன விபத்தில் இழந்துவிட்டேன். என் வயதுக்காரர்களில் மாரடைப்பில் போனவர் ஒருவர். புற்றுநோயில் போனவர் யாருமில்லை. டூவீலரில் போனவர்கள் நான்கு பேர்.

நீங்களும் ஒரு நிமிடம் நிறுத்தி எண்ணிப் பாருங்கள். கூடப் படித்தவர், தெருக்காரர், மாமா பையன், ஆபீஸ் நண்பர். "ஒருத்தரும் இல்லை" என்று சொல்ல முடிந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

ஒவ்வொரு சாவு வீட்டிலும் ஒரே வார்த்தைதான் கேட்கும்.

"அவன் விதி அவ்வளவுதான். நேரம் முடிஞ்சிருச்சு."

துக்கத்தில் இருப்பவர்களிடம் போய் வாதாட முடியாது. அந்த வார்த்தை அவர்களுக்கு ஒரு ஆறுதல். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் நின்று பார்க்கும் எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. அந்த நான்கு பேரையும் கொன்றது விதி இல்லை. தவிர்த்திருக்கக்கூடிய, பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டக்கூடிய காரணங்கள்.

முதலாமவன், பள்ளி நண்பன். தங்கச்சி கல்யாணப் பத்திரிகை கொடுத்துவிட்டு இரவு திரும்பி வந்தவன். பைபாஸில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இல்லாமல், இண்டிகேட்டர் போடாமல் ஓரமாக நின்ற லாரியின் பின்னால் மோதினான்.

இரண்டாமவர், கல்லூரியில் எனக்கு ஜூனியர். 24 மணி நேர டூட்டி முடித்து, காலையில் பைக்கில் வீட்டுக்குக் கிளம்பினார். ரோடு காலியாகத்தான் இருந்தது. எதிரில் வண்டி எதுவும் இல்லை. தூங்கிவிட்டார். சென்டர் மீடியன்.

மூன்றாமவன் ஹெல்மெட் போட்டிருந்தான். ஆனால் தாடைப்பட்டையை மாட்டவில்லை. இடித்த வேகத்தில் ஹெல்மெட் ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் விழுந்தான். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

நான்காமவர் எங்களோடு வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டர். கணவர் ஓட்ட, பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போனார். பெயின்ட் அடிக்காத வேகத்தடை. வண்டி தூக்கிப் போட்டதில் பின்மண்டை தரையில் அடித்தது. வேகம் முப்பதுகூட இருக்காது என்றார் கணவர்.

இந்த நான்கு பேரில் ஒருவர்கூட ரேஸ் ஓட்டியவர் இல்லை. வீலிங் செய்தவர் இல்லை. குடித்திருந்தவர் இல்லை. எல்லோரும் பொறுப்பானவர்கள், தெரிந்த ரோட்டில் தினமும் போய் வந்தவர்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், விபத்துச் செய்தியைப் பார்த்ததும் நம் மனசு உடனே ஒரு வேலி போட்டுக்கொள்கிறது. "அவனுங்க வேகமா போற பசங்க. நான் நாப்பதுலதான் போவேன். எனக்கு ஆகாது" என்று. அந்த வேலி பொய்.

கணக்கைப் பார்ப்போம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் கிட்டத்தட்ட 75 ஆயிரம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்காரர்கள்.

அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். ஒரு நாளைக்கு சராசரியாக 49 பேர். தினமும் ஒரு டவுன் பஸ் நிறைய ஆட்கள் இறந்தால் நாம் சும்மா இருப்போமா? ஒவ்வொருவராக, வேறு வேறு ஊரில் இறப்பதால் நமக்கு உறைப்பதில்லை.

இன்னொரு எண்ணும் அதே அறிக்கையில் இருக்கிறது. ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் ஓட்டியவர்கள் அல்ல, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். மனைவி, அம்மா, தங்கை, நண்பன். "பின்னாடி உட்கார்றவங்களுக்கு எதுக்கு ஹெல்மெட்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, தலையில் அடிபட்டால் உள்ளே என்ன நடக்கிறது?

மூளை கெட்டியான பொருள் இல்லை. கிட்டத்தட்ட தயிர் மாதிரி மிருதுவானது. மண்டையோடு என்ற டப்பாவுக்குள் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை தரையில் மோதி சட்டென்று நிற்கும்போது மண்டையோடு நின்றுவிடும், மூளை நிற்காது. உள்ளே போய் எலும்பில் இடிக்கும், திரும்பி வந்து மறுபக்கம் இடிக்கும். நரம்பிழைகள் இழுபட்டு அறும். ரத்தக்குழாய் கிழியும். வெளியே சொட்டு ரத்தம்கூடத் தெரியாது.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போய் மோதுவது, இரண்டு மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 60 என்றால் நாலைந்து மாடி. 80 என்றால் எட்டு மாடி. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். பள்ளிக்கூட பிசிக்ஸ்தான்.

இரண்டாவது மாடியின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து காற்று வாங்கச் சொன்னால் பயப்படுகிறோம். பைக்கில் நாற்பதில் போவதை "மெதுவா" என்கிறோம்.

இந்த இடத்தில் ஹெல்மெட் என்ன செய்கிறது? பலரும் வெளி ஓடுதான் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையான வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு. இடிக்கும்போது அது நசுங்குகிறது. அந்த நசுங்கலில் தலை நிற்க எடுக்கும் நேரம் சில மில்லி விநாடிகள் கூடுகிறது. அந்தச் சில மில்லி விநாடிகள்தான் மூளைக்கு உயிர்.

அதனால்தான் ஒருமுறை விபத்தில் அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள் அடுக்கு நசுங்கியிருக்கும். ரோட்டோரத்தில் நூறு இருநூறுக்கு விற்கும், உள்ளே வெறும் ஸ்பாஞ்ச் ஒட்டிய தொப்பியும் ஹெல்மெட் இல்லை. அது போலீசுக்குக் காட்டுவதற்கான தொப்பி. ஐஎஸ்ஐ முத்திரையும் IS என்பதற்கான எண் 4151-ம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வறிக்கை, ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் மரணத்தை 42 சதவீதமும் குறைக்கிறது என்கிறது. இந்த அளவுக்குப் பலன் தரும் மாத்திரை ஒன்று வந்திருந்தால் என்ன விலை கொடுத்தாவது வாங்கியிருப்போம்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஒரு பழைய கதை சொல்கிறேன்.

1935 மே 13. இங்கிலாந்தின் டார்செட் பகுதி. "லாரன்ஸ் ஆஃப் அரேபியா" என்று உலகம் அறிந்த டி.இ.லாரன்ஸ், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ராணுவ முகாமுக்குப் போய் ஒரு தந்தி கொடுத்துவிட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார். வீடு இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்தார். தூக்கி எறியப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை. பெரிய பெரிய போர்க்களங்களைப் பார்த்த மனிதர், ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து மே 19 அன்று இறந்தார். வயது 46.

அவருக்கு சிகிச்சை அளிக்க அழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். அந்த மரணத்தை அவர் விதி என்று எழுதி மூடவில்லை. பைக்கில் போகிறவர்களின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1941-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவத்தில் பைக் ஓட்டும் வீரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது.

பொதுமக்களுக்கு? 1973-ல்தான். லாரன்ஸ் இறந்து 38 ஆண்டுகள் கழித்து. கெய்ர்ன்ஸ் அதற்குள் காலமாகிவிட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் போன உயிர்கள் போனதுதான்.

நமக்கு அந்த அறிவு இன்று கையில் இருக்கிறது. சட்டம் இருக்கிறது. 2015-ல் சென்னை உயர்நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியும் இருக்கிறது. இன்று ஹெல்மெட் இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். ஆனாலும் ஹெல்மெட் இன்னும் பெட்ரோல் டேங்க் மேலும், முழங்கையிலும், கண்ணாடியிலும் தொங்கிக்கொண்டுதான் போகிறது. சிக்னலுக்கு நூறு மீட்டர் முன்னால் தலைக்கு ஏறுகிறது, சிக்னல் தாண்டியதும் இறங்குகிறது.

என் கருத்து இதுதான். நாம் ஹெல்மெட்டை போலீஸ் சம்பந்தப்பட்ட பொருளாக ஆக்கிவிட்டோம். அதனால்தான் போலீஸ் இல்லாத தெருவில் அது தேவைப்படுவதில்லை. அது மருத்துவம் சம்பந்தப்பட்ட பொருள். பிரஷர் மாத்திரை மாதிரி. டாக்டர் பார்க்கிறாரா என்று பார்த்தா மாத்திரை போடுகிறோம்?

வழக்கமாக வரும் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"முடி கொட்டுது டாக்டர்." ஆண்களுக்கு முன்வழுக்கை விழுவது பெரும்பாலும் பரம்பரையால். வியர்வையும் அழுக்கும் பிரச்சனை என்றால் உள்ளே பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள், உள்துணியைத் துவைத்துப் போடுங்கள்.

"கழுத்து வலிக்குது." அளவு சரியில்லாத ஹெல்மெட்டாக இருக்கலாம். கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஹெல்மெட்டால் கழுத்து எலும்பு முறியும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

"ஹெல்மெட் போட்டும் செத்துட்டாங்களே?" உண்மைதான். ஹெல்மெட் மார்பையும் வயிற்றையும் காப்பாற்றாது. நூறில் போய் மோதினால் தலையைக்கூட முழுதாகக் காப்பாற்ற முடியாது. அதனால்தான் ஹெல்மெட்டோடு வேகமும் சேர்ந்து பேசப்பட வேண்டும். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"பக்கத்துல தானே போறேன்." இதுதான் நான் அதிகம் கேட்ட பதில். ரோட்டுக்கு நீங்கள் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று தெரியாது. குறுக்கே ஓடி வரும் நாய்க்கும் தெரியாது.

மரணத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் சொன்னதாகும். தலைக்காயத்தில் பிழைத்தவர்களின் வீடுகளையும் நாங்கள் பார்க்கிறோம். முன்மூளையில் அடிபட்ட ஒருவர் உயிரோடு வீட்டுக்குப் போவார். கை கால் வேலை செய்யும். ஆனால் பழைய மனிதராக இருக்க மாட்டார். சாந்தமாக இருந்தவர் எதற்கெடுத்தாலும் கத்துவார். காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். வலிப்பு வரும். வேலை போகும். "முன்னாடி இப்படி இல்ல சார்" என்று ஒவ்வொரு மாதமும் ஓ.பி.யில் வந்து மனைவி சொல்வார். அந்தக் குடும்பத்துக்கு யாரும் துக்கம் விசாரிக்கப் போவதில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை.

"பன்னெண்டாவது பாஸ் பண்ணா பைக்" என்று ஆசை காட்டாதீர்கள். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 199-ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். ஆனால் நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. அந்த வயதில் கால் தரையைத் தொட்டுவிடும், கை ஆக்சிலரேட்டரை முறுக்கிவிடும். ஆபத்தைக் கணித்து கையைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. அது வளர்ந்து முடிய இருபது வயதுக்கு மேல் ஆகும்.

ஊரில் கண்ணீர் அஞ்சலி பேனர்களைக் கவனித்திருக்கிறீர்களா? இளம்பிள்ளை என்றால் பெரும்பாலும் கூலிங்கிளாஸோடு பைக்கில் சாய்ந்து நிற்கும் போட்டோதான் இருக்கும். அவனிடம் இருந்ததிலேயே நல்ல போட்டோ அதுதான். கீழே நண்பர்கள் பெயர் வரிசையாக இருக்கும். அந்தப் பேனரைக் கட்டிவிட்டு அதே நண்பர்கள் ஒரே பைக்கில் மூன்று பேராக ஏறிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஓட்டுபவர் மேலேயே எல்லாப் பழியையும் போடுவதும் நியாயமில்லை. என் பள்ளி நண்பனைக் கொன்றதில் இருட்டில் நின்ற அந்த லாரிக்குப் பங்கு இருக்கிறது. சிஸ்டர் இறந்ததில் பெயின்ட் அடிக்காத வேகத்தடைக்குப் பங்கு இருக்கிறது. ஜூனியர் இறந்ததில், 24 மணி நேரம் விழிக்க வைத்து அனுப்பும் வேலை முறைக்குப் பங்கு இருக்கிறது. குழி தோண்டி மூடாமல் போகிறவர்கள், ரோட்டில் மணல் கொட்டுபவர்கள், ராங் சைடில் வருபவர்கள், எல்லோரும் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான். கேட்போம், மனு கொடுப்போம், சண்டையும் போடுவோம்.

ஆனால் ரோடு சரியாகும் வரை நம் தலை காத்திருக்காது. ரோடு மோசம் என்பது ஹெல்மெட் போடாமல் இருப்பதற்குக் காரணம் இல்லை. போடுவதற்கான காரணம்.

செய்ய வேண்டியவை, சுருக்கமாக:

1. ஹெல்மெட் போட்டால் மட்டும் போதாது. தாடைப்பட்டையை "டக்" சத்தம் கேட்கும்படி மாட்டுங்கள். பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரல் போகும் இடைவெளி போதும்.

2. வீட்டில் எத்தனை பேர் வண்டியில் ஏறுகிறார்களோ அத்தனை ஹெல்மெட் இருக்கட்டும். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சட்டப்படியும் கட்டாயம். சின்னக் குழந்தைகளுக்கும் அவர்கள் அளவில் கிடைக்கிறது.

3. பெண்கள் முடிந்தவரை இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். புடவை முந்தானை, துப்பட்டா இரண்டையும் நன்றாகச் செருகிக்கொண்டு ஏறுங்கள். சக்கரத்தில் துப்பட்டா மாட்டினால் நொடியில் கழுத்து இறுகும்.

4. நைட் டூட்டி முடித்தவர்கள் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ போங்கள். இல்லையென்றால் அங்கேயே ஒரு மணி நேரம் படுத்து எழுந்து கிளம்புங்கள். கொட்டாவி வந்தால் ஓரம் கட்டுங்கள். டீ தூக்கத்துக்கு மாற்று இல்லை.

5. குடித்தால் சாவியைத் தொடாதீர்கள். "ஒரு பீர்தான்" என்பதும் குடிதான். நண்பன் குடித்திருந்தால் சாவியைப் பிடுங்கி வையுங்கள். அன்றைக்கு அவன் திட்டுவான், திட்டட்டும்.

6. வண்டி ஓட்டும்போது தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்காதீர்கள். ஹெல்மெட்டுக்குள் செருகிப் பேசுவதும் அதேதான்.

விபத்தைப் பார்த்தால் என்ன செய்வது?

வீடியோ எடுக்காதீர்கள். முதலில் 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவரைக் கழுத்து மடங்க உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போகும். மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டை இழுத்துப் பிடுங்காதீர்கள், கழுத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

"போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று ஒதுங்க வேண்டாம். உதவி செய்தவரை சாட்சியாக வரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே பாதுகாப்பு கொடுக்கிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. பணத்துக்கு யோசித்து நேரத்தை விடாதீர்கள்.

இன்னும் ஒன்று, மிக முக்கியம். தலையில் அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசினாலும் நம்பிவிடாதீர்கள். பொட்டெலும்புக்கு உட்புறம் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்தால் ரத்தம் மெதுவாகச் சேரும். ஆரம்பத்தில் பேசுவார், நடப்பார், "ஒண்ணும் இல்ல" என்பார். சில மணி நேரத்தில் தூக்கம் தூக்கமாக வரும், அப்படியே நினைவு போகும். "நல்லா பேசிட்டுதான் படுத்தான் சார், காலையில எழுந்திருக்கல" என்று சொல்லி அழுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நேரத்தில் கொண்டுவந்தால் அறுவை சிகிச்சையில் காப்பாற்றக்கூடிய பிரச்சனை இது. கொஞ்ச நேரம் நினைவு தப்பியிருந்தாலோ, வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர், வலிப்பு இதில் எது இருந்தாலும் தாமதிக்காமல் சிடி ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று.

2008-ல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். அவன் உறுப்புகளை அந்தப் பெற்றோர் தானம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் உடல் உறுப்பு தானம் ஒரு இயக்கமாக வளர அந்தக் குடும்பம் ஒரு பெரிய காரணம். 2023 முதல் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையும் அளிக்கப்படுகிறது. அந்தக் குடும்பங்களின் முன்னால் கைகூப்பித்தான் நிற்க வேண்டும்.

ஆனால் மூளைச்சாவு அடைந்த ஒரு இளைஞனின் பெற்றோரிடம் போய் உறுப்பு தானம் பற்றிப் பேச வேண்டிய அந்த அறை இருக்கிறதே, அதற்குள் போகும் எந்த மருத்துவரும் மனசுக்குள் நினைப்பது ஒன்றுதான். இந்தப் பையன் இங்கே வந்திருக்கவே கூடாது.

நம் வீடுகளில் வெளியே கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னால் பெரியவர்கள் விடமாட்டார்கள். "போய்ட்டு வரேன்னு சொல்லு" என்பார்கள்.

அப்படிச் சொல்லும்போதே ஹெல்மெட்டையும் எடுத்துக் கையில் கொடுங்கள். பட்டையை மாட்டும் வரை வாசலில் நில்லுங்கள். பக்கத்துத் தெருவுக்குத்தான் என்றாலும்.

இந்த இழையை உங்கள் வீட்டில் வண்டி ஓட்டும் ஒருவருக்காவது அனுப்பிவையுங்கள்.